தராசு முள்ளைப் பார்க்கப் பழகிய பிள்ளைகளுக்கு

வட்டகொடை, மடகொம்பரை, பூண்டுலோயா, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் உயர்தரக் கணிதமும் தொழில்நுட்பமும் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும், இங்கிருந்து பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி என்று பொறியியல் படிக்கப் போயிருப்பவர்களுக்கும்,



நீங்கள் கொழுந்து மடுவத்து வாசலில் வளர்ந்த பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் நின்று, நிறுவை முடியும்வரை காத்திருந்திருப்பீர்கள். கணக்கப்பிள்ளை கிலோவைச் சத்தமாகச் சொல்லுவார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார். பிறகு எழுதிக்கொள்ளுவார். அந்த நேரத்தில் அம்மா என்ன செய்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, எட்டித் தராசு முள்ளைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படியிலும் அதே கேள்விதான்: "முள்ளு எதுல நின்னுச்சு?" இப்போது மின்தராசு வந்த இடங்களிலும் கேள்வி மாறவில்லை.

நான் எழுத வந்தது மூளைக்குள் வைக்கப்படும் மின்வாய்களைப் பற்றியும் அவற்றை நடத்தும் மென்பொருளைப் பற்றியும். எங்கோ பெரிய நாடுகளில் நடக்கிற சங்கதி என்று மடித்து வைத்துவிடாதீர்கள். அம்மா நகர்ந்த அந்த ஓரடி அங்கேயும் தேவைப்படுகிறது.

என் அம்மாயியிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மாயிக்கு ஐம்பது தாண்டியதும் வலது கையில் நடுக்கம் வந்தது. மடியில் கையை வைத்து உட்கார்ந்தால் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் உளுந்து உருட்டுவதுபோல் தாமாக அசையும். நிரையில் நின்று கொழுந்துக்குக் கையை நீட்டினால் நடுக்கம் அடங்கிவிடும். ஆனால் கை மந்தமாகியிருந்தது. பக்கத்து நிரைக்காரி கூடையை நிரப்பும் நேரத்தில் அம்மாயியின் கூடை பாதிதான் இருக்கும். மேற்பார்த்தவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "வேலையில ஆடாத கை, சும்மா இருக்கையில மட்டும் ஏன் ஆடுது? எல்லாம் நடிப்பு." அந்த ஆண்டு பல நாட்களுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. தோட்டத்தின் பெயரும் அவருடைய பெயரும் இங்கே வேண்டாம். அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சும்மா இருக்கையில் ஆடுவதுதான் அந்த நோயின் அடையாளமே. பார்க்கின்சன் நோயில் நடுக்கம் ஓய்வில்தான் வரும், வினாடிக்கு நான்கிலிருந்து ஆறு தடவை. கை வேலையில் இறங்கியதும் குறையும். மந்தம் மட்டும் வேலையிலும் கூடவே இருக்கும். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் 1817இல் ஆறே ஆறு பேரைப் பார்த்து இந்த நோயை எழுதிவைத்தார். அவர்களில் சிலரைத் தெருவில் கண்டுதான் அறிந்தார். தெருவில் நடந்து போகிறவரின் உடம்பைப் பொறுமையாகப் பார்த்தவருக்கு விளங்கியது, தினமும் நிரைக்கு வந்த மனுசியைப் பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை.

சில வருடங்கள் கழித்து லெவோடோபா மாத்திரை கிடைத்தது. விழுங்கி முக்கால் மணி நேரத்தில் அம்மாயி எழுந்து நடப்பார். பிறகு மருந்து இறங்கும். "இறங்குது" என்றுதான் அவரும் சொல்லுவார், மலையிலிருந்து மூடுபனி இறங்குவதைச் சொல்வதுபோல. காம்பராவின் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சில நாள் மருந்து கூடிப்போய் உடம்பு தானாக நெளியும். மருந்துத் துண்டில் எழுதியிருந்தது நாளைக்கு மூன்று வேளை. அம்மாயியின் உடம்பு வைத்திருந்த கணக்கு வேறு. சுவரில் தொங்கிய நாட்காட்டியில், எப்போது இறங்கியது, எப்போது நெளிந்தது என்று பென்சிலால் நான் புள்ளி வைப்பேன். அவர் சொல்லச் சொல்ல வைத்த புள்ளிகள் அவை.

அந்த நாட்காட்டியை நினைத்துக்கொண்டுதான் மேலே வாசிக்க வேண்டும்.

1987இல் பிரான்சின் கிரனோபிளில் அலிம்-லூயி பெனாபிட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், மூளையின் ஆழத்தில் விரைவான மின்துடிப்புகளைக் கொடுத்தால் நடுக்கம் நிற்பதைக் கண்டார். இன்று உலகில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஆழ்மூளைத் தூண்டலோடு வாழ்கிறார்கள். மெல்லிய கம்பி மூளையின் அடியில் ஒரு சிறு புள்ளிவரை போகும். மின்கலம் நெஞ்சுத் தோலுக்கடியில் இருக்கும். கம்பி வழியாக வினாடிக்குச் சுமார் 130 துடிப்பு போய்க்கொண்டிருக்கும். தூங்கினாலும் நடந்தாலும் சோறு தின்றாலும் அதே 130. மூன்று வேளை மாத்திரை போலத்தான் இதுவும். உடம்பு இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை.

கேட்க வைக்கலாமா என்பதுதான் அடுத்த ஆராய்ச்சி. அதே மின்வாய் துடிப்பும் கொடுக்கும், மூளையின் மின்னலைகளையும் கேட்கும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு உடம்பு இறுகும்போது அந்தப் புள்ளியில் 13 முதல் 30 ஹேர்ட்ஸ் வரை மீடிறனுள்ள அலைகள் ஓங்குகின்றன. பீட்டா அலை என்பார்கள். மாத்திரை வேலை செய்யும்போது அவை தணிகின்றன. (மீடிறன் என்று நம் பாடப்புத்தகம் சொல்வதைத் தமிழ்நாட்டுப் புத்தகம் அதிர்வெண் என்று சொல்லும். இதற்குப் பின்னால் வருகிறேன்.) கருவிக்குச் சொல்லும் விதி இதுதான்: அலை ஒரு கோட்டைத் தாண்டினால் துடிப்பைக் கூட்டு, கீழே வந்தால் குறை. 2013இல் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த பீற்றர் பிரவுனின் குழு எட்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தது. தூண்டல் ஓடிய நேரம் பாதிக்கும் கீழே வந்தது, அசைவோ வழக்கமான முறையைவிட நன்றாக இருந்தது. 2024இல் சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஸ்டாரும் சைமன் லிட்டிலும் இருந்த குழு, நான்கு பேரிடம் அவரவர் அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே சோதித்து, ஒவ்வொருவரையும் அதிகம் வாட்டிய அறிகுறி நீடித்த நேரம் ஏறத்தாழ பாதியானதைக் காட்டியது. 2025 பெப்ரவரியில் மெட்ரோனிக் நிறுவனத்தின் கருவிக்கு அமெரிக்கா இந்த வகைச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது.

அம்மாயியின் நாட்காட்டி நெஞ்சுக்குள் போய்விட்டது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். புள்ளி வைப்பது இப்போது இயந்திரம். அப்படியானால் என் கேள்வி: அந்தக் கோட்டை எங்கே போடுவது? அலையை எத்தனை மில்லிவினாடிக்குச் சராசரி எடுப்பது? கோட்டைத் தாண்டினால் துடிப்பு எவ்வளவு வேகமாக ஏற வேண்டும்? இவை எல்லாம் மென்பொருளில் எழுதப்பட்ட வரிகள். ஒருவர் இன்று நடப்பாரா, நிலைப்படியில் நின்றுவிடுவாரா என்பதைத் தீர்மானிக்கிற முள் அங்கேதான் நிற்கிறது. கடையில் விற்கும் கருவிகளில் அந்த வரிகள் பூட்டுக்குள் இருக்கின்றன.

பூட்டாமல் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ, பிரவுன் பல்கலைக்கழகம், மேயோ கிளினிக் முதலிய இடங்களின் ஆய்வாளர்கள் ஓப்பன்மைண்ட் என்று ஒன்றுசேர்ந்து, ஆராய்ச்சிக்கென்றே செய்யப்பட்ட ஒரு மெட்ரோனிக் கருவிக்கான மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், திரும்பக் கொடுக்கலாம். இந்தக் குழுவைச் சுற்றி நடந்த ஒரு சிறு வேலையை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பத்திரிகைகள் இதையெல்லாம் எழுதுவதில்லை. எனக்கோ இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த வேலை இதுதான்.

அந்தக் கருவி நோயாளியின் வீட்டிலிருந்தே மூளையலைகளைக் கம்பியில்லாமல் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பும். மனிதர் எழுந்து அடுத்த அறைக்குப் போனால் சில பொட்டலங்கள் வழியில் தொலைந்துவிடும். எது தொலைந்தது என்று அறியப் பொட்டலத்தின் மேல் நேரம் எழுதப்பட்டிருக்கும். அங்கேதான் சிக்கல். கருவிக்குள் ஒரு கடிகாரம் வினாடியைத்தான் எண்ணும், அதற்குக் கீழே எண்ணாது. இன்னொரு கடிகாரம் வினாடியைப் பத்தாயிரமாகப் பிரித்து நுணுக்கமாக எண்ணும். ஆனால் 65,536ஐத் தொட்டதும், அதாவது ஆறரை வினாடிக்கு ஒரு தடவை, மறுபடி பூச்சியத்திலிருந்து ஆரம்பிக்கும். கணினியின் கடிகாரம் மூன்றாவது. ஒரு லயத்தில் மூன்று வீட்டில் மூன்று மணி காட்டுவதுபோல. நோயாளி நடக்கும்போது காலில் கட்டிய உணரி ஒரு நேரம் சொல்லும், மூளையலை வேறு நேரம் சொல்லும். இரண்டையும் சேர்த்துவைக்காமல், எந்த அலையில் கால் நின்றது என்று எப்படிச் சொல்வது? 2021இல் இந்த மூன்று கடிகாரங்களையும் இணக்கி, தொலைந்த பொட்டலங்களின் இடத்தை வெற்றிடமாகவே குறித்துக் காட்டும் கருவித்தொகுதியை ஆய்வாளர்கள் எழுதி, எப்படிச் செய்தோம் என்பதோடு வெளியிட்டார்கள். தொலைந்த இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விட்டார்கள். பேர் பதியும் செக்ரோல் எழுதுகிறவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மை இதுதானே? திறந்த மூலமாக இருந்தபடியால்தான் அந்த நேர்மையை என்னைப்போல வெளியிலிருந்து பார்க்கிறவர்களும் வரிக்கு வரி சரிபார்க்க முடிகிறது.

கேட்பது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். மூளையின் அலை சில மைக்ரோவோல்ட். பக்கத்திலேயே கொடுக்கும் துடிப்பு சில வோல்ட், பத்து இலட்சம் மடங்கு. ஸ்டோரில் ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்டு எழுதுவது போன்றது. கேட்டது மூளையின் அலையா, தான் கொடுத்த துடிப்பின் எதிரொலியா என்று இயந்திரம் குழம்பலாம். குழம்பினால் தவறான நேரத்தில் கூட்டும். இப்படிப்பட்ட இடத்தில் நான்கு கண் பார்ப்பதைவிட நானூறு கண் பார்ப்பது நல்லது.

மூளைக்குள் போகாமல் தலைமேல் மின்வாய் வைத்து மூளையலையைப் படிக்கிறவர்களுக்கு வழி இன்னும் பழையது. நியூயோர்க் மாநிலத்தின் அல்பனியில் உள்ள வாட்ஸ்வேர்த் நிலையத்தில், ஜெர்மனியின் டியூபிங்கன் ஆய்வாளர்களும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டு பிசிஐ2000 என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். ஜேர்வின் ஷால்க், ஜொனதன் வோல்போ ஆகியோரின் பெயர்கள் அதோடு சேர்ந்தவை. அதன் அமைப்பு நம் ஸ்டோர் மாதிரி. அலையை வாங்குவது ஒரு பகுதி, பதப்படுத்துவது ஒன்று, திரையில் பயனாக்குவது ஒன்று, எல்லாவற்றையும் மேற்பார்ப்பது நான்காவது. டிரையரை மாற்றுவதற்காக ரோலரைக் கழற்ற வேண்டியதில்லை. புதுக் கருவி வந்தால் வாங்கும் பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். பிரான்சின் ஓப்பன்விப், சான் டியாகோவின் ஈஈஜிலாப், எம்என்ஈ-பைத்தன் என்று இன்னும் பல இருக்கின்றன. பெயர்ப்பட்டியல் உங்களுக்கு அவசியமில்லை, ஒன்றைப் பிடித்தால் மற்றவை தாமாக வரும்.

பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நடந்த கதை உண்டு. செக்கண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் பார்வையிழந்தவர்களுக்கு ஆர்கஸ் என்ற விழித்திரைக் கருவியைப் பொருத்தியது. 350 பேருக்கும் மேல். 2019இல் அந்தக் கருவியைக் கைவிட்டது, அடுத்த ஆண்டு பணம் இல்லாமல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. கண்ணுக்குள் கருவி இருந்தது, பழுதானால் பார்க்க ஆளில்லாமல் போனது. தோட்டம் கை மாறும்போது சேமலாபக் கணக்கு யாரிடம் என்று அலைந்த வீடுகள் நம்மிடையே உண்டு. உடம்புக்குள்ளே இருக்கும் பொருளுக்கு அப்படி அலைய நேர்ந்தால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். மென்பொருள் திறந்திருந்தால் மட்டும் அந்தக் கண்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், உதிரிப்பாகமும் வைத்தியரும் வேண்டும். ஆனால் வேறொருவர் கையில் எடுப்பதற்கு ஒரு நூலாவது மிஞ்சியிருக்கும்.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: மூளையைத் தொடுகிற மென்பொருளைத் திறந்து வைத்தால் கெட்டவன் கை வைக்கமாட்டானா? நியாயமான பயம். தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளை எல்லோரும் பார்க்க வேண்டும், படியை எல்லோரும் மாற்றக்கூடாது. திறந்த மூலம் என்றால் விதிகளை வாசிக்கும் உரிமை. இன்னொருவர் நெஞ்சில் இருக்கும் கருவிக்குக் கட்டளை அனுப்பும் உரிமை வேறு. அதற்குத் திறவுகோல், வைத்தியர், நெறிமுறைக் குழு, நோயாளியின் சம்மதம் எல்லாம் உண்டு, இருக்கவே வேண்டும்.

இங்கே ஒரு கட்டாயச் சொல். தலையில் மின்சாரம் கொடுக்கும் எந்தச் சோதனையையும் வீட்டிலோ விடுதியிலோ செய்யாதீர்கள். ஒன்பது வோல்ட் மின்கலத்தில் செய்யலாம் என்று காட்டும் காணொளிகளை நம்பாதீர்கள். நாம் கேட்கிறவர்களாக மட்டும் தொடங்குவோம். கேட்கும் கருவியைக்கூட மின்கலத்தில் ஓட்டுங்கள், மடிக்கணினியைச் சுவர் மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்ட பிறகே மின்வாயை ஒட்டுங்கள். நம் லயங்களின் வயரிங் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

நம்மால் ஆகுமா என்ற கேள்வியை நான் அதிகம் கேட்டிருக்கிறேன், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் கணக்கெடுக்க இந்த நாட்டு மென்பொருளாளர்கள் சில வாரங்களில் எழுதிய சஹானா என்ற திறந்த மூல மென்பொருள், அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. 2020இன் தொடக்கத்தில், ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்க்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூலத் தளத்தின்மேல், கொரோனாவுக்கான கண்காணிப்பு முறையை முதலில் கட்டியது இலங்கை. பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. மொறட்டுவையில் ருவன் கோபுராவின் ஆய்வுகூடம் இயந்திரக் கைகளை ஆராய்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் தமிழ் எழுத்துகளைக் கணினி வாசிக்கவும் வேலை செய்தவர், மனத்துக்குள் சொல்லும் சொல்லை மூளையலையில் தேடும் வேலையும் செய்தவர். தமிழும் மூளையலையும் ஒரே மேசையில் இருக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல், கருச்சிசுக்களின் மூளைகளை 5,132 வெட்டுகளாகப் படம்பிடித்து, உலகில் யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்தது.

அதைவிட நெருக்கமான சாட்சி நம் மலையிலேயே உண்டு. 1914இல் மடகொம்பரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து முதல் பாராளுமன்றத்துக்குப் போன சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சேகரித்தார். அந்தப் பாட்டுகளுக்குச் சொந்தக்காரர் யார்? ஒருத்தி ஒரு அடி கட்டினாள், அடுத்த நிரையில் நின்றவள் இன்னொரு அடி சேர்த்தாள், பிடிக்காததை மூன்றாமவள் மாற்றினாள். யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் பூட்டவும் இல்லை. உரிமம் என்ற சொல்லை மட்டும்தான் நாம் புதிதாகக் கற்க வேண்டும். வேலை முறை பழக்கமானதுதான்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்: மூளையலையால் தமிழில் எழுத ஒரு பலகை.

பேச்சும் கையும் இழந்தவர்கள் கணினியில் எழுத ஒரு வழியை 1988இல் ஃபார்வெல், டொன்சின் என்ற இருவர் காட்டினார்கள். திரையில் ஆறுக்கு ஆறு, 36 பெட்டிகள். 26 ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும் இருக்கும். வரிசைகளும் நிரல்களும் மாறி மாறிப் பளிச்சிடும். மனத்தில் வைத்திருக்கும் எழுத்து பளிச்சிட்டால், சுமார் 300 மில்லிவினாடி கழித்து மூளை ஒரு சிறு அலையை எழுப்பும். பி300 என்று பெயர். எந்த வரிசையில், எந்த நிரலில் அலை எழுந்தது என்று பார்த்தால் எழுத்து தெரிந்துவிடும். பிசிஐ2000இல் இந்தப் பலகையை நம் விருப்பப்படி மாற்றலாம்.

தமிழுக்கு எப்படி? 247 எழுத்துக்கும் பெட்டி போட்டால் பதினாறுக்குப் பதினாறு பலகை வேண்டும், ஒரு சுற்றுக்கு 32 பளிச்சிடல். படுத்த படுக்கையில் இருப்பவர் களைத்துப்போவார். ஆனால் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 பெட்டி போதும். மெய்யைத் தேர்ந்து பிறகு உயிரைத் தேர்ந்தால் உயிர்மெய்யை மென்பொருள் சேர்த்துக்கொள்ளும். ஒரு சொல்லுக்குள் மெய்யை அடுத்து உயிர் வந்தால் இரண்டும் சேர்ந்தே தீரும் என்பதை இலக்கண வகுப்பில் படித்திருக்கிறீர்கள். எனவே இயந்திரத்துக்குக் குழப்பமே வராது. இந்த மொழியின் இலக்கணம் நமக்காக முன்கூட்டியே ஒரு வேலையைச் செய்து வைத்திருக்கிறது என்று கண்டுகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறுக்கு ஏழு பலகையில் 42 பெட்டி, ஒரு சுற்றுக்கு 13 பளிச்சிடல். 'கொழுந்து' என்று எழுதப் பெரிய பலகையில் நான்கு தேர்வு, சுற்றுக்கு 32 வீதம் 128. சிறிய பலகையில் ஏழு தேர்வு, சுற்றுக்கு 13 வீதம் 91. ஒவ்வொரு தேர்வுக்கும் பல சுற்று வேண்டும் என்பதால் இந்த வித்தியாசமும் பெருகும்.

பேச்சையே மூளையிலிருந்து எடுக்கும் வேலை இதைவிட வேகமாக ஓடுகிறது. 2023இல் ஸ்டான்போர்ட் குழு நிமிடத்துக்கு 62 சொல் எட்டியது. 2024இல் டேவிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழு நூற்றுக்கு 97 சொல் சரியாக வருமளவுக்குக் கொண்டுவந்தது. இரண்டும் ஆங்கில ஒலிகளுக்கு. ஸ்டான்போர்ட் குழு தரவையும் மென்பொருளையும் பொதுவில் வைத்திருக்கிறது, வாசித்துப் படிக்கலாம். லகரமும் ளகரமும் ழகரமும் நாவில் எங்கே பிரிகின்றன என்று அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

சொற்களின் வேலையும் உண்டு. மீடிறனா, அதிர்வெண்ணா? மின்வாயா, மின்முனையா? நோயாளியின் கையில் கொடுக்கும் திரையில் அவருடைய சொல் இருக்க வேண்டும். அம்மாயியிடம் "மருந்தின் தாக்கம் குறைவடைகிறதா" என்று கேட்டிருந்தால் அவர் என் முகத்தைத்தான் பார்த்திருப்பார். "இறங்குதா?" என்று கேட்க வேண்டும். திறந்த மென்பொருளில் அந்தச் சொல்லை மாற்ற ஒரு கோப்பைத் திறந்தால் போதும்.

முதல் வேலைக்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஃபிசியோநெட் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் 109 பேரின் மூளையலைப் பதிவுகள் இருக்கின்றன. தலையில் 64 மின்வாய் வைத்து, பிசிஐ2000ஐக் கொண்டே பதிந்து, அதை எழுதியவர்களே கொடுத்தவை. ஒவ்வொருவருக்கும் 14 பதிவு. முதலாவது கண் திறந்து ஒரு நிமிடம், இரண்டாவது கண் மூடி ஒரு நிமிடம். முதல் ஆளின் இந்த இரண்டு பதிவையும் இறக்குங்கள். எம்என்ஈ-பைத்தனில் திறந்து, பின்மண்டை மின்வாய்களின் அலையை மீடிறன்படி பிரித்துப் பாருங்கள். கண் மூடிய பதிவில் 10 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழுந்து நிற்கிறதா என்று தேடுங்கள். 1924இல் ஹான்ஸ் பேர்கர் முதன்முதலில் மனித மூளையின் அலையைப் பதியத் தொடங்கி, பிறகு உலகத்துக்குக் காட்டியது அந்த மேட்டைத்தான். பழைய மடிக்கணினி போதும். தெரியாத ஒருவர் என்றோ கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு நிமிடம் உங்கள் திரையில் இருக்கும். அதை மரியாதையோடு பாருங்கள்.

கருவி வேண்டும் என்று தோன்றும் நாளில், இந்தியாவின் அப்சைட் டவுன் லாப்ஸ் செய்யும் பயோஆம்ப் போன்ற திறந்த வன்பொருள் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

பிறகு பலகையை வரைந்து பாருங்கள். 42இல் 31 போனால் 11 பெட்டி மிஞ்சும். இடைவெளிக்கு ஒன்று, அழிக்க ஒன்று, முற்றுப்புள்ளிக்கு ஒன்று, ஓய்வு வேண்டும் என்று சொல்ல ஒன்று. 'தண்ணி', 'வலிக்குது', 'கூப்பிடு' என்று முழுச் சொல்லாக மூன்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் படுக்கையில் இருக்கிறவர்களைக் கேட்டு மாற்றுங்கள். மீதி நான்கு பெட்டியை ஜ, ஷ, ஸ, ஹ என்ற நான்குக்கும் விட்டுவையுங்கள். தமிழெழுத்தா இல்லையா என்ற விவாதம் எனக்கும் தெரியும். அம்மாயியின் பெயரில் ஒரு 'ஜ' இருந்தது. செக்ரோலில் கடைசிவரை அதைத் தப்பாகத்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

இப்படிக்கு,
வட்டகொடையிலிருந்து உங்கள் அண்ணன்